ஆற்றுவதும் ஊர்தான், கீறுவதும் ஊர்தான்



ஒக்டோபர் மாதம் பிறந்தால் எங்கள் குடும்பத்தில் ஒரு மாமிக்குத் தலையிடி தொடங்கிவிடும். நெஞ்சு படபடக்கும். இரவில் நித்திரை இருக்காது. வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று எழும்பி எழும்பிப் பார்ப்பார். கொழும்பில் அவர் பார்க்காத வைத்தியர் இல்லை. இரத்தம் சோதித்தாயிற்று, ஈ.சீ.ஜீ. எடுத்தாயிற்று, தலையை ஸ்கேன் பண்ணியும் பார்த்தாயிற்று. "ஒன்றுமில்லை" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நவம்பர் பாதியானதும் அது தானாகக் குறைந்துவிடும். அடுத்த ஒக்டோபரில் திரும்பவும் வரும்.

இந்த மாமிக்கு ஒரு ராத்தா இருக்கிறார். புத்தளத்தில் வசிக்கிறார். அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இருவரும் ஒரே உம்மா வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே நாளில், ஒரே தெருவிலிருந்து, ஒரே கூட்டத்தோடு விரட்டப்பட்டவர்கள். ஒருவரைப் பிடித்த நோய் மற்றவரை ஏன் விட்டுவைத்தது? இளையவரின் மனசு பலவீனமா? மூத்தவருக்கு ஈமான் அதிகமா? சொந்தக்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த மாதம் அதைப்பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன். பெருந்துயர் ஒன்று வந்து போன பின்பு ஒருவர் எழுந்து நடப்பதும் இன்னொருவர் நொடித்துப் போவதும் அவரவர் மனசின் பலத்தை மட்டும் பொறுத்ததா? அல்லது சுற்றியிருக்கும் நமக்கும் அதில் பங்குண்டா?

அந்தச் செவ்வாய்க்கிழமை

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணம் சோனகத்தெருப் பக்கம் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் சுற்றின. முஸ்லிம்கள் எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். ஏதோ கூட்டமாக்கும் என்று போனவர்களுக்கு, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்ற கட்டளை கிடைத்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. கொடியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்த வீடுகள் உண்டு. உடுத்த உடுப்போடும் கையில் கொஞ்சப் பணத்தோடும் சனங்கள் புறப்பட்டார்கள். வழியில் நிறுத்திச் சோதித்தபோது காதிலும் கழுத்திலும் கிடந்ததும் போயிற்று.

அந்த மாதம் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவின் மக்களில் பலர் வள்ளங்களில் கடல் கடந்து கற்பிட்டியில் கரையேறினார்கள். மற்றவர்கள் வவுனியா வரை நடந்தும் லொறிகளிலும் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலானோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில். அங்குள்ள சகோதரர்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தங்கள் வீட்டு வாசல்களையும் திறந்துவிட்டார்கள்.

மூத்த மாமியின் கணவர் தையற்காரர். புத்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் கிடுகுக் கொட்டில் ஒன்று கிடைத்தது. மழை பெய்தால் ஒழுகும். வெயிலடித்தால் வேகும். தண்ணீருக்கு வரிசை, நிவாரணத்துக்கு வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை. ஆனால் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள் சோனகத்தெருவிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். விடியற்காலை வாளியோடு வரிசையில் நின்றால் பேச்சுத் தொடங்கிவிடும். "உங்கட வீட்டு மாதுளை இப்ப காய்ச்சிருக்கும், என்ன?" என்று ஒருத்தி கேட்பாள். "ஆரு பறிச்சுத் தின்னுறாங்களோ!" என்று இன்னொருத்தி சொல்வாள். சிரிப்பார்கள். பிறகு அழுவார்கள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இளைய மாமியின் கணவருக்குக் கொழும்பில் உறவினர் இருந்தார்கள். மாடியில் தனி அறை, மின்விசிறி, குழாயில் தண்ணீர். "நீ அதிர்ஷ்டக்காரி" என்று ராத்தாவே சொன்னாராம். ஆனால் அந்தத் தெருவில் சோனகத்தெருவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வீட்டுக்காரர் நல்லவர்கள். அவர் வாயைத் திறந்தால், "அதையெல்லாம் நினைக்காதீங்க, மறந்திடுங்க" என்று அன்பாகவே அடக்கிவிடுவார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் சோதனைச் சாவடிகளில் அவருக்கும் கணவருக்கும் தனிக் கேள்விகள். முஸ்லிம் என்பதற்காக யாழ்ப்பாணத்தில் இடமில்லை, யாழ்ப்பாணம் என்பதற்காகக் கொழும்பில் சந்தேகம்! "எந்த ஊரெண்டு கேட்டா புத்தளம் எண்டு சொல்லுங்க" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் பாடசாலைக்கு அனுப்பினார்.

இப்படி ஊரை வாயால் சொல்லவும் வழியில்லாமல் போனது. முப்பது வருடங்களுக்கு மேலாக அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்குள் அப்படியே கிடக்கிறது.

மனவடு எல்லோருக்கும் ஒன்றா?

பயங்கரமான நிகழ்வொன்றுக்குப் பின் கெட்ட கனவு, திடுக்கிடுதல், அந்தக் காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வருதல், அதை நினைவூட்டும் இடங்களை ஒதுக்குதல் ஆகியவை நீடித்தால் வைத்தியர்கள் அதற்கு ஒரு நோய்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டில், வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய வீரர்களின் அனுபவத்தையும் கருத்திற்கொண்டு, அமெரிக்க மனநல வைத்தியர்கள் அதைத் தங்கள் நோய்ப்பட்டியலில் சேர்த்தார்கள். நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் என்று நம் நாட்டில் சொல்வார்கள்.

ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி உலக மக்களில் 100க்கு 70 பேர் அளவில் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படியான பயங்கர நிகழ்வொன்றைச் சந்திக்கிறார்கள். அவர்களிலே இந்த நோய்க்கு ஆளாவோர் 100க்கு 6 பேருக்கும் குறைவு. அப்படியானால் நிகழ்வு மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை. நிகழ்வுக்கு முன் அவர் எப்படி வாழ்ந்தார், பின்பு யாரோடு வாழ்ந்தார், சுற்றியிருந்தவர்கள் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. துயருக்குப் பின் கிடைக்கும் மனித ஆதரவு நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

அயர்லாந்தைச் சேர்ந்த உளவியல் பேராசிரியை ஓர்லா மல்டூன் இதைப்பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். வட அயர்லாந்தின் நீண்ட மோதலின் பின்விளைவுகளைப் படித்தவர். 2015 ஏப்ரல் 25ஆம் திகதி நேபாளத்தில் பெரும் பூகம்பம் வந்து ஏறத்தாழ 9,000 பேர் மரணித்தார்கள். அதன் பின்பு அவரும் நேபாள ஆய்வாளர்களும் சேர்ந்து அங்குள்ள மக்களை ஆராய்ந்தார்கள். தம்மைத் தம் ஊரோடு ஒட்டியவர்களாக உணர்ந்தவர்களுக்கு, "நாங்கள் சேர்ந்தால் செய்யலாம்" என்ற நம்பிக்கை உண்டாகிறது. அந்த நம்பிக்கை மனவடுவின் வேகத்தைத் தணிக்கிறது. இதுவே அவர்கள் கண்டது.

'நான் யார்?' என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? இன்னாருடைய மகள், இன்னாருடைய உம்மா, இந்த ஊர்க்காரி, இந்தப் பாடசாலையில் படித்தவள், முஸ்லிம் பெண். இவையெல்லாம் நம்மை மற்றவர்களோடு கட்டியிருக்கும் கயிறுகள். பெருந்துயர் வரும்போது சில கயிறுகள் அறுந்துபோகும். மிஞ்சிய கயிறுகள் எத்தனை, அவை எவ்வளவு உறுதியானவை என்பதைப் பொறுத்தே விழுந்தவர் எழும்புகிறார். மூத்த மாமிக்கு வீடு போயிற்று, தெரு போகவில்லை. தெருச்சனங்கள் கூடவே வந்தார்கள். இளைய மாமிக்கு நல்ல வீடு கிடைத்தது, தெரு போய்விட்டது.

இரண்டு பேரை மட்டும் வைத்து உலகத்தையே அளக்க முடியாது என்பதை நானும் அறிவேன். முகாமிலேயே மனசு உடைந்து போனவர்களும் உண்டு, கொழும்பில் தனியாக இருந்து தேறியவர்களும் உண்டு. ஆனாலும் யாரோடு சேர்ந்து சுமந்தோம் என்பதையும் கேட்டுப் பாருங்கள் சகோதரிகளே.

உடம்பு பேசும் பாஷை

2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளில் நம் நாட்டில் 35,000 பேரளவில் உயிரிழந்தார்கள். அம்பாறை மாவட்டம்தான் எல்லாவற்றிலும் கூடுதலாக அடிபட்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோர ஊர்கள் சில நிமிடத்தில் குடும்பம் குடும்பமாக இழந்தன. ஆண்களை விடப் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம் மௌத்தானார்கள்.

அதன்பிறகு பல நாடுகளிலிருந்தும் உளவளத்துணையாளர்கள் வந்து இறங்கினார்கள். நல்ல நோக்கத்தோடு வந்தவர்களே பெரும்பாலோர். ஆனால் கையில் கொண்டுவந்த கேள்விப் பட்டியல்கள் வேறு நாட்டுக்காக எழுதப்பட்டவை. இலங்கையரான உளவியல் ஆய்வாளர் காயத்ரி பெர்னாண்டோ இந்த இடைவெளியை எடுத்துக்காட்டினார். நம்மவர்கள் துயரத்தை உடம்பின் வலியாக உணர்ந்து சொல்வது அதிகம். இரண்டாவது, தமக்கு நேர்ந்த பாதிப்பை "என் மனசுக்குள் என்ன நடக்கிறது" என்று பார்ப்பதைவிட, "என் குடும்பத்தில், என் ஊரில் என் இடம் என்னவாயிற்று" என்றே பார்க்கிறார்கள்.

இதை நாம் வாசித்துத்தான் அறிய வேண்டுமா? தலையிடி, நெஞ்சு எரிவு, கைகால் உளைவு, பெருமூச்சு, "உடம்பெல்லாம் ஒரு மாதிரி" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது பாதி நேரம் அங்கே பேசுவது துயரம்தான். பிள்ளையை அலையில் பறிகொடுத்த தாயிடம் "கனவு வருகிறதா?" என்று கேட்டால் பேசாமல் இருப்பாள். "சோறு சமைச்சா தட்டு வைக்கக் கை போகுதா?" என்று கேட்டுப் பாருங்கள். உடைந்து அழுவாள். உம்மா என்ற அவளுடைய இடத்தில் விழுந்த அடி அது.

கணவன் கடலோடு போய், ஜனாஸாவும் கிடைக்காதவளின் நிலையை நினைத்துப் பாருங்கள். மௌத்தா, ஹயாத்தா என்று தெரியாமல் எந்த நாளிலிருந்து இத்தா எண்ணுவது? நான்கு மாதமும் பத்து நாளும் என்று ஒரு கணக்கு இருப்பது விதவையானவளுக்கு ஒரு தாங்குகோல். "இவள் துக்கத்தில் இருக்கிறாள்" என்று ஊர் அறிந்து விலகி நடக்கிறது, உணவு அனுப்புகிறது, வந்து பார்க்கிறது. அந்தக் கணக்கே தொடங்காதவளுடைய துக்கத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தமும் கடல்கோளும் தனி மனிதனை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகின்றன என்று எழுதினார். ஊருக்கே பட்ட காயத்தை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்து மட்டும் ஆற்ற முடியாது. 2007இல் சர்வதேச உதவி நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த வழிகாட்டியும், அனர்த்தத்துக்குப் பின் குடும்பத்தையும் சமூகத்தையும் மீண்டும் கூட்டுவதை முக்கிய வேலையாகச் சொல்கிறது.

ஜனாஸாவைத் தராதபோது

நாம் யார் என்பது காயத்தின் ஆழத்தை எப்படி மாற்றும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று. கொவிட் நோய் எல்லாச் சமூகத்தவரையும் கொன்றது. ஆனால் 2020 ஏப்ரலில், கொவிட்டால் மரணித்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கப்படவில்லை. டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு சிசுவும் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தையின் வாயிலில் பல இனத்தவரும் வந்து வெள்ளைத்துணி கட்டிவிட்டுப் போனார்கள்.

வாப்பாவை நோயில் இழந்த மகளுக்கு அது ஒரு துயரம். குளிப்பாட்டிக் கபனிட்டு, தொழுவித்து, மண்ணில் வைக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்பது இன்னொரு துயரம். முதலாவது எல்லோருக்கும் வருவது. இரண்டாவது, அவள் முஸ்லிம் என்பதால் வந்தது. "எரித்தால் என்ன, புதைத்தால் என்ன, போன உயிர் போனதுதானே" என்று வெளியில் நின்றவர் சொன்னார். கடைசிக் கடமையைச் செய்ய முடியாமல் போன பிள்ளையின் மனசு அவருக்கு விளங்கவில்லை.

2021 பெப்ரவரி இறுதியில் சட்டம் மாறியது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். 2024 ஜூலையில், கட்டாயமாக எரித்ததற்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. மன்னிப்பால் எரிந்தது திரும்பி வருமா? வராது. ஆனாலும் "உங்களுக்கு நடந்தது அநியாயம்தான்" என்று ஒரு வார்த்தை பொதுவில் சொல்லப்படுவது காயத்துக்கு மருந்து போடுவதன் முதற்படி. நடக்கவேயில்லை என்று மறுப்பதும், நடந்தது சிறிய விடயம் என்பதும் அதே காயத்தைக் கீறுவது.

நாமும் கீறுகிறோம்

அரசாங்கத்தையும் ஆயுதக்காரர்களையும் மட்டும் குற்றம் சொல்லி இந்தப் பக்கத்தை முடித்துவிட எனக்கு மனமில்லை. நம் கையிலும் நகம் இருக்கிறது சகோதரிகளே.

மூத்த மாமிக்கு ஒக்டோபர் தலையிடி இல்லை என்றேனே, அவருக்கும் ஒரு காயம் இருக்கிறது. அது யாழ்ப்பாணத்தில் பட்டதல்ல. மகளுக்கு மாப்பிள்ளை பேசிப் போன இடத்தில், "பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா அகதிக் குடும்பமாமே?" என்று ஒரு வார்த்தை விழுந்தது. அப்போது அவர்கள் புத்தளத்துக்கு வந்து பல வருடம். சொந்தக் காணியில் கல்வீடு கட்டியாயிற்று. மகள் பிறந்ததே புத்தளத்தில்! "யாழ்ப்பாணத்திலயிருந்து அவங்க விரட்டினாங்க. அது ஒரு நாள். இந்தச் சொல் என்னை ஒவ்வொரு நாளும் விரட்டுது" என்று அவர் என்னிடம் சொன்னார்.

தொடக்கத்தில் பசிக்கு உணவு தந்த அதே ஊரில், காலம் போகப் போக வேலைக்கும் காணிக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் போட்டி வந்தது. அகதி, உள்ளூரான் என்ற பேச்சு வலுத்தது. 2009 மேயில் யுத்தம் முடிந்த பின் சில குடும்பங்கள் வடக்குக்குத் திரும்பிப் போயின. அங்கே போனால், "இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்கள்?" என்ற பார்வை. இரண்டு ஊரிலும் கால் வைத்து எந்த ஊரிலும் உட்கார முடியாத ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அவர்களில் எவரேனும் உங்கள் அயலில் இருந்தால், 'அகதி' என்ற சொல்லை இன்றோடு நாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னும் உண்டு. கணவனைப் பறிகொடுத்த இளம்பெண்ணை "ராசியில்லாதவள்" என்று கலியாண வீட்டில் பின்னுக்குத் தள்ளுவது. மானபங்கம் செய்யப்பட்ட பிள்ளையிடம், "வெளியில் சொல்லாதே, தங்கச்சிமாரின் வாழ்க்கை கெட்டுப்போகும்" என்று வாயைக் கட்டுவது. செய்தவன் தலை நிமிர்ந்து நடக்கிறான், பட்டவள் ஒளிந்து வாழ்கிறாள். அவளைத் தாக்கியது ஒருவன். ஊமையாக்கியது நாம்.

ஆண்களையும் மறந்துவிடக் கூடாது. முகாமில் பல பெண்கள் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பார்த்தார்கள், சமைத்தார்கள். உடைந்த வீட்டில் அவர்களுக்கு வேலை மிஞ்சியிருந்தது. கடைமுதலாளியாக, தையற்கடைக்காரராக இருந்த ஆணுக்கோ கடையோடு பெயரும் போயிற்று. "ஆம்பிளை அழக்கூடாது" என்று நாம் வளர்த்த மகன் அவன். அழத் தெரியாதவன் கோபப்படுகிறான், சண்டை பிடிக்கிறான், அல்லது மூலையில் குந்தி இருக்கிறான். உங்கள் வாப்பாவோ கணவரோ அப்படி இருந்திருந்தால், அது குணமா காயமா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

மற்றவர் காயம்

'நாம்' என்ற உணர்வு ஆற்றும் என்று சொன்னேன். அதற்கு ஒரு ஆபத்தான பக்கமும் உண்டு. நம் காயத்தையே பார்த்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக் காயத்தைக் காணாமல் போய்விடுவோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் ஒரே தெருவில் பல வீடுகளில் ஒரே நாளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அடுத்த மாதமே குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் அதற்குச் சம்பந்தமேயில்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பஸ்ஸில் ஏறவே நம் பெண்கள் பயந்தார்கள். நமக்கு அந்த வருடம் என்றால் பயந்த மே மாதம் ஞாபகம் வருகிறது. கட்டுவாப்பிட்டித் தாய்க்கு ஏப்ரல் ஞாபகம் வருகிறது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

அதுபோலத்தான் 1990உம். வெளியேற்றப்பட்ட அன்று கேற்றடியில் நின்று அழுத தமிழ்ப் பெண்களைப் பற்றி மூத்த மாமி இன்றும் சொல்வார். 2009 வரை அந்தப் பெண்கள் அனுபவித்ததையும் கேட்டு அழுதவர் அவர். "யாருக்குக் கூட, யாருக்குக் குறைய எண்டு நிறுக்க இது என்ன வெங்காயமா?" என்பார்.

நாம் செய்யக்கூடியது

இதற்கு வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை. மனசுக்கான முதலுதவி என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கைந்நூலின் வழி மூன்று சொல்லுக்குள் அடங்கும்: பார், கேள், இணை.

பார் என்றால், அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா, சாப்பிட்டாரா, பிள்ளைகளைப் பார்க்க ஆள் உண்டா என்று பார்ப்பது. மௌத்து வீட்டில் அடுப்பெரிக்க விடாமல் அயலார் சோறு கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதுதான். அதை மூன்று நாளோடு நிறுத்திவிடாதீர்கள். நாற்பது நாள் கழித்து, சனம் கலைந்த பின்பு ஒரு பாத்திரம் கறியோடு போய்ப் பாருங்கள். அப்போதுதான் அவர் தனிமையில் இருப்பார்.

கேள் என்றால், காதைக் கொடுப்பது. "என்ன நடந்தது? எப்படி ஓடினீர்கள்?" என்று துருவுவதல்ல. சொல்ல விரும்பினால் கேட்பது, விரும்பாவிட்டால் பக்கத்தில் இருப்பது. "அழாதீங்க", "மறந்திடுங்க", "இதைவிட மோசமானவங்க இருக்காங்க", "உங்களுக்கு ஸபூர் போதாது" என்ற நான்கையும் விட்டுவிடுங்கள். ஸபூர் என்பது அழக்கூடாது என்பதல்ல.

இணை என்றால், அறுந்த கயிற்றை முடிந்துவிடுவது. பழைய ஊர்க்காரரோடு, பழைய சிநேகிதியோடு, இதே துயரைக் கண்ட இன்னொருத்தியோடு சேர்த்துவிடுங்கள். அவருக்கு ஒரு இடம் கொடுங்கள். நன்றாகத் தைப்பவர் என்றால் தைக்கப் பழக்கக் கேளுங்கள். ஓதத் தெரிந்தவர் என்றால் பிள்ளைகளை அனுப்புங்கள். "பாவம்" என்று பார்க்கப்படுபவர் தேறுவது கடினம். தேவைப்படுபவர் தேறுவார்.

வைத்திய உதவி தேவைப்படும் வேளைகளும் உண்டு. வாரக்கணக்கில் நித்திரையில்லை, சாப்பாடில்லை, பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று பேசுகிறார் என்றால் தாமதிக்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். ஓதிப் பார்ப்பவர் பார்க்கட்டும், துஆக் கேட்பவர் கேட்கட்டும், வைத்தியரையும் பாருங்கள். ஒன்று மற்றதற்குத் தடையல்ல.

இளைய மாமியின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். ஒரு ஒக்டோபரில், தலையிடிக்கு இன்னொரு வைத்தியரைத் தேடுவதற்குப் பதிலாக, அவரைப் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வருடா வருடம் 30ஆம் திகதி அஸருக்குப் பிறகு பழைய தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மூத்த மாமி வீட்டில் கூடுவார்கள். மௌத்தானவர்களுக்காக யாஸீன் ஓதுவார்கள். பிறகு பிளேன்டீ குடித்துக்கொண்டு பேசுவார்கள். இளைய மாமி ஒரு மூலையில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வயதான ஒரு பெண் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எங்கட வீட்டுக்கு எதிர்வீடெல்லோ? உங்கட கிணத்துத் தண்ணியைத்தானே நாங்க குடிச்ச" என்றார்.

அவ்வளவுதான். அன்றிரவு பதினொரு மணி வரை அவர் பேசினார். கிணற்றைப் பற்றி, கதீஜாக் கல்லூரியைப் பற்றி, வழியில் பறிபோன தோட்டைப் பற்றி, பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் பழக்கியதைப் பற்றி. அழுதார், நடுவில் சிரிக்கவும் செய்தார். அவருடைய மகள், நாற்பது வயதுப் பெண், உம்மாவின் வாயால் அந்தக் கதையை அன்றுதான் முழுதாகக் கேட்டாள்.

தலையிடி அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த ஒக்டோபரிலும் வந்தது. எப்படியிருக்கிறீர்கள் மாமி என்று தொலைபேசியில் கேட்டேன். "வந்திருக்குத்தான். ஆனா இப்ப ஆருக்குச் சொல்லுறதெண்டு தெரியும்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி மாதம் பார்த்து வரும் தலையிடி ஒன்று இருக்கலாம். உம்மாவுக்கு, மாமிக்கு, பக்கத்து வீட்டுச் சாச்சிக்கு. மாத்திரையை எடுத்துக் கொடுங்கள். கொடுத்துவிட்டு எழும்பிப் போகாமல், பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.